ஒழுகாத கூடாரம்

மலையேறும் பஸ்ஸின் கூரையிலிருந்து என் கூடாரங்களில் ஒன்று விழுந்துவிட்டதை யாருமே கவனிக்கவில்லை. நான் கவனிக்கும் நிலையிலும் இல்லை. அடிவாரத்தில், தாப்பாவில் சாப்பிட்ட மீ கோரெங் நூடுல்ஸ் ஒவ்வொரு வளைவிலும் தொண்டை வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

பாதி மலையில் பஸ் சூடாகி, ஓர் அருவிக்குப் பக்கத்தில் புகை விட்டபடி நின்றது. டிரைவர் டின்னில் தண்ணீர் பிடித்து வர இறங்கினார். அதற்குள் பின்னால் வந்த காய்கறி லோரி ஒன்று எங்களை ஒட்டி நின்றது. கூடைகளை இறக்கிவிட்டு வெறுமனே மேலே திரும்புகிற லோரி. அதை ஓட்டி வந்த சீனர் கீழே குதித்து, வழியில் கிடந்ததென்று அவர் ஏற்றி வந்த, நீளமாகச் சுருட்டிக் கட்டிய என் காக்கி மூட்டையைக் காட்டி, நல்ல தமிழில் கேட்டார்: "இது யாரு பொணம்?"

பஸ்ஸே சிரித்தது. நான் கையைத் தூக்கினேன்.

"ரிங்லெட் தாண்டி எஸ்டேட்டுக்கா? இந்த பஸ்ஸு இப்பத்திக்கு நகராது. என் லோரில ஏறு லா."

மற்ற இரண்டு மூட்டைகளையும் அதோடு பின்னால் போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் அப்பா எஸ்டேட் ஓரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தாராம். தமிழ் பேசாவிட்டால் அரிசி விற்க முடியாது, அதனால் சீனத்தைவிடத் தமிழ்தான் முதலில் வந்தது என்றார். மூட்டைக்குள் என்ன என்று கேட்டார். கூடாரம் என்றேன். யாருக்கு என்று கேட்டார்.

"ஈப்போவில் ஒரு டாக்டர். சின்ன விமானம் வைத்திருக்கிறார். எஸ்டேட்டில் இறங்கி, விமானத்துக்குப் பக்கத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார். மழை தாங்குகிற கூடாரம் எது என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன்."

அவர் கியரை மாற்றினார். "பிளேன் வாங்க முடிஞ்ச ஆளுக்கு ஹோட்டல்ல ரூம் எடுக்க முடியலியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. கடல் கடந்து வந்ததிலிருந்து இதே கேள்வியை நானும் எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மெட்ராஸில் தார்ப்பாயும் கூடாரமும் தைத்து விற்கும் கம்பெனி ஒன்றில் அப்போது எனக்கு வேலை. எண்பதுகளின் தொடக்கம். லோரிக்கும் கல்யாணப் பந்தலுக்கும் துணி விற்றுக்கொண்டிருந்த எங்களுக்கு அந்த ஈப்போ டாக்டர் நவரத்தினம் கூடாரம் கேட்டு எழுதிய கடிதம் பெரிய கௌரவமாக வந்து சேர்ந்தது. அவரோடு விமானம் ஓட்டும் நண்பர்கள் பலர் இருந்தார்கள். ஒன்று சரியாக அமைந்தால் எல்லோரும் வாங்குவார்கள். தையல் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் மூன்று மாதிரிகளைக் கொடுத்து, "ஜெயிச்சுட்டு வா" என்று முதலாளி அனுப்பினார்.

தேயிலை எனக்குப் புதிதல்ல. குன்னூரில் என் சித்தப்பா வீடு. ஆனால் நீலகிரியில் தோட்டத்துக்கு நடுவே நிழலுக்கென்று உயர்ந்த மரங்கள் நிற்கும், கண் அங்கங்கே தங்கிப் போகும். இங்கே மரமே இல்லை. மலை முழுவதையும் யாரோ பச்சைக் கம்பளத்தில் சுற்றி அடித்துத் தட்டிவிட்டதுபோல இருந்தது. அந்தப் பச்சையின் மடிப்புகளில் தலையில் முண்டாசோடு பெண்கள் நகர்ந்துகொண்டிருந்தார்கள். பள்ளத்தாக்கின் அடியில், ஆற்றை ஒட்டி நீளமாக ஒரு புல்வெளி. மருந்து தெளிக்கிற விமானம் கொண்டுவரலாம் என்று எந்தக் காலத்திலோ சமன்படுத்தியதாம். அது நடக்கவில்லை. மாடு மேய்ந்துகொண்டிருந்தது. புல்வெளியின் மேட்டில் வரிசையாகத் தொழிலாளர்களின் லயத்து வீடுகள். தகரக் கூரைகள் துருவேறிக் காய்ந்த வாழைச் சருகு நிறத்தில் இருந்தன.

நான் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை டாக்டர் வந்து இறங்கினார். முதலில் ஒரு தையல் மெஷின் சத்தம், அப்புறம் மேகத்தைப் பிரித்துக்கொண்டு சிறகு மேலே வைத்த வெள்ளை விமானம். மாடுகளை ஓட்டிவிட்டு எஸ்டேட் கங்காணி துண்டை வீச, விமானம் புல்லில் குதித்துக் குதித்து ஓடி ஆற்றுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. உருண்டையான, உற்சாகமான மனிதர் இறங்கினார். அறுபது வயதிருக்கும். யாழ்ப்பாணத்து வம்சம், பிறந்தது ஈப்போ.

"நீங்கள்தானோ மெட்ராஸ்? பசியாறினீங்களோ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மூட்டைகளைத் தூக்கிப் பார்த்தார். காக்கியைத் தூக்க முடியவில்லை. "இதை ஏற்றினால் என்னை இறக்கிவிட வேண்டும். மலைக்காற்று மெல்லிசு. பாரம் கூடினால் இது எழும்பாது" என்று விமானத்தின் வயிற்றைத் தட்டினார்.

மூன்றையும் அடித்து நிறுத்தினேன். காக்கி, கனத்த கேன்வாஸ். யானை மோதினாலும் நிற்கும், ஆனால் சுமக்க யானைதான் வேண்டும். நீலம், ரப்பர் பூசிய நைலான். கைப்பைக்குள் அடங்கிவிடும். பச்சை, நானே உட்கார்ந்து வெட்டித் தைக்க வைத்தது. உள்ளே நெருக்கமாக நெய்த மெல்லிய பருத்தி, அதற்கு மேலே ஒரு கை இடைவெளி விட்டுத் தனியாக ஒரு நீர் புகாத மேற்கூரை, தரையோடு சேர்த்துத் தைத்த அடிவிரிப்பு. உயரம் குறைவு. காற்று மேலே வழுக்கிக்கொண்டு போய்விடும்.

டாக்டருக்கு ஓர் ஆசை இருந்தது. கூடாரத்தின் ஒரு பக்கத்தைச் சிறகின் தாங்குகம்பியிலேயே கட்டிவிட்டால் சிறகே கூரையாகிவிடும் அல்லவா? வேண்டாம் என்றேன். காற்றில் விமானம் அசையும், அசைகிற ஒவ்வொரு முறையும் முளைக்குச்சி ஒன்றைப் பிடுங்கும். சிறகில் விழுகிற மழையெல்லாம் பின்விளிம்பு வழியாக வாசலில்தான் கொட்டும். சிறகுக்குப் பின்னால், ஒட்டாமல், தாழ்வாக நிற்பதுதான் சரி. அவர் தோளில் தட்டினார். "மெட்ராஸ் மூளை!" எனக்குப் பெருமையாக இருந்தது.

வானம் அன்று தெளிவாக இருந்ததுதான் வினை. மழை இல்லாமல் எப்படிப் பார்ப்பது? டாக்டர் தன் நண்பரான துரையிடம், எஸ்டேட் மேனேஜர்தான், அவரை எல்லோரும் துரை என்றே அழைத்தார்கள், சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னார்: "எங்களுக்குக் கொஞ்சம் மழை வேண்டும். உன்னால் முடியாதா?" துரை இளைஞர், மரியாதை தெரிந்தவர். கங்காணியைப் பார்த்தார். சற்று நேரத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களில் சிலர், நாற்றுக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளிகளோடு மலையிலிருந்து இறங்கி வந்தார்கள்.

ஆற்றில் மொண்டு மொண்டு கூடாரங்களின் மேல் ஊற்றச் சொன்னார்கள். அவர்கள் ஊற்றினார்கள். நான் பச்சைக்குள் உட்கார்ந்து தையல்களைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உள்ளார ஒரு சொட்டாச்சும் வந்துச்சா தம்பி?" என்று வெளியிலிருந்து ஒரு குரல்.

"வராதுக்கா. நான் தைத்தது" என்றேன்.

"அப்ப பொழுது சாஞ்சா நாங்கெல்லாம் இங்கயே வந்து படுத்துக்கிறோம் லா."

வாளிகளோடு சேர்ந்து அத்தனை பேரும் சிரித்தார்கள். கங்காணி அதட்டினார். நானும் சிரித்தேன். அது வேடிக்கைக்குச் சொன்னது என்றுதான் நினைத்தேன்.

அந்தக் குரலுக்குரியவள் லெட்சுமி. நாற்பதைத் தாண்டியவள், வெயிலில் சுருங்கிய கண்கள். வேலை முடிந்து போகும்போது, "ஊர்லருந்து வந்த பிள்ளை, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டாள். மேட்டில் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். அவள் கணவர் சுப்பையா தேயிலை ஆலையில் வேலை. பிரசவத்துக்கு வந்த மகள் உள் அறையில் பச்சைப் பிள்ளையோடு படுத்திருந்தாள்.

கெட்டிப்பால் போட்ட தேநீர், உப்பு பிஸ்கெட். குடித்துக்கொண்டே தரையைப் பார்த்தேன். அறை முழுக்க ஈயச் சட்டிகளும் தகர டின்களும் ஓர் ஒழுங்கில்லாமல் கிடந்தன. கால் பட்டு ஒன்றை ஓரமாக நகர்த்தினேன்.

"அதை நவுத்தாதீங்க தம்பி" என்றார் சுப்பையா. "அதது அதோட எடத்துல இருக்கு."

அண்ணாந்து பார்த்தேன். கூரைத் தகரத்தில் ஒவ்வொரு சட்டிக்கும் நேராக ஒரு வெளிச்சப் புள்ளி. என்னை உட்கார வைத்திருந்த இடத்துக்கு மேலே மட்டும் புள்ளி இல்லை. மழை இல்லாத நாளிலும் அந்த வீட்டில் விருந்தாளிக்கு எந்த இடம் என்று பழகிப்போயிருந்தது.

"ஆபீஸ் கிராணிகிட்ட சொல்லியாச்சு. துரைகிட்ட சொல்லியாச்சு. பாக்கலாம்னுதான் சொல்றாங்க" என்றார் சுப்பையா, புகார் போலக்கூட இல்லாமல்.

தேநீரைக் குடித்து முடிக்கச் சிரமப்பட்டேன். கீழே என் கூடாரங்கள், யாரும் இல்லாமல், பூவாளித் தண்ணீர் சொட்டச் சொட்ட, உள்ளே காய்ந்து போய் நின்றன. அவற்றின் மேல் தண்ணீர் ஊற்றிய கைதான் இப்போது எனக்கு இன்னொரு பிஸ்கெட்டை நீட்டியது.

டாக்டரிடம் இதைச் சொன்னேன். "இந்த நாட்டில் மழைக்கு என்ன குறை?" என்று பெருமூச்சு விட்டார். கெட்டவர் இல்லை. பேச்சு உடனே சுருக்குக் கயிற்றின் முடிச்சுக்குப் போய்விட்டது. நானும் அதை அங்கேயே போக விட்டேன்.

மறுநாள் காலையில் நீலக் கூடாரம் தோற்றது. வெளியே ஒரு துளி மழை இல்லை. ஆனால் உள்ளே படுத்திருந்த டாக்டரின் மூச்சே நைலானில் முத்து முத்தாகக் கோத்து, விடிந்ததும் அவர் மூக்கிலேயே சொட்டியது. "எனக்கு நானே மழை பெய்துகொண்டேன்" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். நான் படுத்த பச்சையின் மேற்கூரை உட்பக்கமும் ஈரமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஈரம் இடைவெளியிலேயே வழிந்து போயிருந்தது. பச்சைதான் என்று அப்போதே ஏறக்குறைய முடிவாகிவிட்டது. டவுனுக்குப் போய், தானா ராத்தா கடைத்தெருவில் ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் வாங்கித் தந்தார் டாக்டர். நம் ஊர் பரோட்டாவுக்கு அது அண்ணன். மாவை வீசும்போது கடைக்காரர் துணி வியாபாரி மாதிரி விரிக்கிறார்.

நாங்கள் திரும்பும்போது மலையுச்சிகளைக் காணவில்லை. மத்தியானம் தாண்டியதும் காற்று ஆரம்பித்தது, பின்னாலேயே மழை. நம் ஊர் மழை மேலிருந்து விழும். இது பக்கவாட்டில் வந்தது. விமானத்தின் சிறகுகள் அதைக் கட்டியிருந்த கயிறுகளை இழுத்து இழுத்துப் பார்த்தன. அது தானாகவே பறக்க முயல்வதுபோல இருந்தது. டாக்டர் மழைக்கோட்டோடு ஓடி விமானத்துக்குள் ஏறி பிரேக்கை மிதித்துக்கொண்டார். கண்ணாடிக் கதவைத் திறந்து என்னைப் பார்த்துக் கத்தினார்: "நீங்கள் உள்ளுக்கே இருங்கோ! எங்க ஒழுகுது எண்டு பார்க்க வேணும்!"

நான் பச்சைக் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் வெளியே பேச்சுக் குரல்கள். வாசல் துணியை விலக்கிப் பார்த்தேன். துரை சொல்லிக் கங்காணி ஆட்களைக் கூட்டி வந்திருந்தார். சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்ட ஆண்கள் விமானத்தின் இரண்டு சிறகுகளிலும் வாலிலும் தொங்கினார்கள். இருவர் என் கூடாரத்தின் இழுகயிறுகளைப் பிடித்துக்கொண்டார்கள். தாழ்வான கூடாரமாதலால் உள்ளேயிருந்து எனக்கு அவர்களுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. சேற்றில் அமிழ்ந்த கால்கள், அவற்றின் மேல் ஓடுகிற தண்ணீர். எனக்கு மிக அருகில் இருந்தவை சுப்பையாவுடையவை. கணுக்காலில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றை நேற்றே பார்த்திருந்தேன்.

"அண்ணே, உள்ள வாங்க" என்றேன்.

"வேணாம் தம்பி. கயித்த விட்டா போயிரும்."

"அப்போ நான் வெளியில வரேன்."

அதற்குள் கங்காணியின் குரல்: "சார், நீங்க அசையாதீங்க. உள்ள இருக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. நாங்கல்லாம் நனைஞ்சு பழக்கம்தான்."

அசையவில்லை. உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து, தையல் தையலாக விரலை ஓட்டினேன். எல்லாம் உலர்ந்திருந்தது. மூலைகள் உலர்ந்திருந்தன. தரை உலர்ந்திருந்தது. என் வாழ்நாளில் நான் தைத்ததிலேயே சிறந்த வேலை அது. ஒரே ஒரு இடத்திலாவது ஒழுகித் தொலையாதா என்று தேட ஆரம்பித்தேன்.

மழை விட்டபோது விமானத்துக்கு ஒரு கீறல் இல்லை. டாக்டர் நனைந்த கோட்டோடு கூடாரத்துக்குள் தலையை விட்டு, தரையைத் தடவி, "அப்பளம் மாதிரிக் கிடக்கு!" என்று கூவினார். அப்போதுதான் மேட்டிலிருந்து பெண்கள் கத்துவது கேட்டது.

லயத்தின் கடைக்கோடியில் சுப்பையா வீட்டுக் கூரைத் தகரங்கள் பாதி பிய்ந்து தேயிலைச் செடிகளின் மேல் கிடந்தன. ஆண்கள் எல்லோரும் கீழே விமானத்தைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அது போயிருக்கிறது. உள்ளே மேசைக்கு அடியில் மகள் பிள்ளையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள். மேசை மேல் ஒரு பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு லெட்சுமி நின்றிருந்தாள். அவள் முடியிலிருந்து தண்ணீர் ஓடியது. கணவரைப் பார்த்து, அப்புறம் அவருக்குப் பின்னால் நின்ற, தலைமுடி கலையாத என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"பிளேனுக்கு ஒண்ணும் ஆவலியே?"

குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். ஓடிப்போய்ப் பச்சைக் கூடாரத்தை முளையோடு பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

இரண்டு பேர் படுக்கத் தைத்த துணி. மேற்கூரையையும் உள்துணியையும் பிரித்து, உத்தரங்களில் கட்டி இழுத்தும் முக்கால் அறையைத்தான் மூட முடிந்தது. போதும், பிள்ளைக்கு ஓர் இடம் ஆயிற்று. லயத்தில் எல்லோரும் கூடிவிட்டார்கள். "மெட்ராஸ் தம்பி கூரை போட்டுட்டாரு" என்று யாரோ சொன்னார்கள். டாக்டர் கை குலுக்கினார். பக்கத்து வீட்டிலிருந்து சுடுசோறும், கோஸ் போட்டுப் புரட்டிய டின் மீன் குழம்பும் வந்தன. என் வாயில் முதல் உருண்டை அவர்கள் கையால்தான் போனது. அன்று சாயங்காலம் என் மனம் கொஞ்சம் லேசானது என்று சொல்ல வேண்டும். அதை இப்போது நினைத்தால்தான் அதிகம் கூசுகிறது.

மறுநாள் காலை டாக்டருக்காக எஸ்டேட் ஆபீஸ் வராந்தாவில் காத்திருந்தேன். துரை என்னைப் பார்த்து எழுந்து வந்து, மனம் நிறைந்த சிரிப்போடு ஆங்கிலத்தில் சொன்னார்: "உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். புயலில் ஆலைக் கூரையும் சேதம். தகரம் எல்லாம் முதலில் அங்கே போக வேண்டும். லயத்து வீட்டை உடனே பார்த்தாக வேண்டிய நெருக்கடி இருந்தது. உங்கள் கூடாரத்தால் இப்போது அவசரம் இல்லை. மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்."

உள்ளே கணக்கெழுதிக்கொண்டிருந்த கிராணி சொன்னார்: "அது எங்க கூரையைவிட உசத்தி சார்!"

நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். டாக்டரின் ஆர்டர், முதலாளியின் முகம், வேற்று நாடு, எல்லாம் சேர்ந்து என் நாக்கில் உட்கார்ந்துகொண்டன. "அப்படியா" என்று மட்டும் சொன்னேன்.

நேராக லெட்சுமி வீட்டுக்குப் போனேன். சுப்பையா ஆலைக்குப் போயிருந்தார். அவள் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். சொல்லத் தடுமாறினேன். அவளுக்கு முன்னமே தெரிந்திருந்தது.

"காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுலயே கங்காணி சொல்லிட்டாரு. ஒங்க வூட்டுக்கு இனி கவலையில்ல, ஊர்த் துணி காப்பாத்தும்னாரு." கூடையைக் கீழே வைத்தாள். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. அதை அவுத்து எடுத்துட்டுப் போயிருங்க."

"அக்கா, மழை வரும்போல இருக்கு."

"வரட்டும். இது இருக்கிற வரைக்கும் தகரம் வராது. துணி எத்தனை நாளைக்கு? மழைக்காலம் பூராவும் தாங்குமா?"

"தாங்காது" என்றேன். உத்தரத்தில் உரசினால் கிழியும் என்று எனக்குத் தெரியும்.

"நான் துரைகிட்ட பேசட்டுமா?" என்று கேட்டேன்.

"நீங்க இன்னிக்கிப் போயிருவீங்க. பேசச் சொன்னது நானுன்னு எம்மேல வந்து நிக்கும்." குரலைத் தாழ்த்தினாள். "யாராச்சும் கேட்டா, எஞ்சாமான், நான் எடுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க. நான் சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்லிராதீங்க. எங்கூட்டுக்காரருகிட்டகூட. அவருக்கு வாயில எதுவும் நிக்காது."

மேசை மேல் ஏறி நின்று முடிச்சுகளை அவிழ்த்தேன். கூடாரம் அடிக்கப் பழகிய கைக்கு அவிழ்ப்பது சுலபம்தான், ஆனால் அன்று ஒவ்வொரு முடிச்சும் பிடிவாதம் பிடித்தது. மேற்கூரை சரிந்ததும் அறைக்குள் சாம்பல் வெளிச்சம் விழுந்தது. கீழே மகள் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் லெட்சுமி எதுவும் சொல்லியிருக்கவில்லை. "குடுத்ததைப் புடுங்கிட்டுப் போறீங்களே" என்றாள். துணியை மடிக்கும் சாக்கில் குனிந்துகொண்டேன். தூறல் போட ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு நடந்ததை லெட்சுமிதான் நடத்தினாள். மகளையும் பிள்ளையையும் தூளிச் சேலையையும் பாயையும் எடுத்துக்கொண்டு ஆபீஸ் வராந்தாவில் போய் உட்கார்ந்தாள். யாரையும் கூப்பிடவில்லை. கொழுந்து நிறுக்க வந்த பெண்கள் அவளைப் பார்த்தார்கள். ஒருத்தி தன் கொழுந்துச் சாக்கை நிறுக்காமல் தரையில் வைத்துவிட்டு வராந்தாவில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு இன்னொருத்தி. சாக்குகள் முற்றத்தில் மழையில் குவிந்தன. கட்டிவைத்த கொழுந்து நேரம் ஆக ஆக உள்ளுக்குள் சூடேறி வீணாகும். ஆலை லோரி வெறுமனே நின்றது. கங்காணி கத்தினார். யாரும் பதில் சொல்லவில்லை. பிள்ளை மட்டும் அழுதது.

துரை வெளியே வந்தார். என் தோளில் மூட்டை இருப்பதைப் பார்த்தார்.

"அதை ஏன் எடுத்துவிட்டீர்கள்?"

அத்தனை பெண்களும் என்னைப் பார்த்தார்கள். லெட்சுமி மட்டும் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"கம்பெனி சாமான்" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில். "நான் திருப்பி எடுத்துக்கொண்டு போக வேண்டும்."

"ச்சீ" என்றாள் ஒருத்தி. "நேத்து நம்ம சோத்தத் தின்னுட்டு, இன்னிக்கி பச்சப்புள்ள தலைக்கு மேல இருந்ததை உருவிக்கிட்டு வந்துட்டான்." இன்னொருத்தி என் பக்கம் திரும்பித் துப்பினாள். அதற்குள் அங்கே வந்துவிட்ட டாக்டர் என் தோளைப் பிடித்துத் தனியே இழுத்து, தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில், "ஒரு கூடாரம்தானே, நான் வாங்கிக் கொடுத்திருப்பேனே. உங்களை இப்படி நினைக்கவில்லை" என்றார். விளக்கம் என் தொண்டை வரை வந்தது. லெட்சுமியின் குனிந்த தலையைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

டாக்டர் என்னை விட்டுவிட்டு வராந்தாவுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிப் பார்த்தார். மார்பில் காதை வைத்தார். துரையிடம் அவர் பேசிய தொனியில் முதன்முறையாக உற்சாகம் இல்லை: "சளி இறங்கத் தொடங்கியிருக்கிறது. இந்தப் பிள்ளை ஈரத்தில் படுக்கக் கூடாது. இன்றைக்கே ஏதாவது செய்." துரை முற்றத்துச் சாக்குகளைப் பார்த்தார், லோரியைப் பார்த்தார். பிறகு கிராணியைக் கூப்பிட்டு, ஆலைக்கு வந்திறங்கிய தகரத்தில் லயத்துக்கு வேண்டியதை எடுத்துப் போகச் சொன்னார். பெண்கள் எழுந்து சாக்குகளைத் தராசுக்கு இழுத்தார்கள்.

வானம் வெளுத்ததும் டாக்டர் புறப்பட்டார். பச்சைதான் வேண்டும் என்று ஆர்டரும் கொடுத்தார். ஆனால் கை குலுக்கவில்லை. விமானம் ஆற்றைத் தாண்டி எழும்பியதை நான் தனியாக நின்று பார்த்தேன்.

எனக்கு வாடகைக் கார் வரும் பாதை லயத்தை ஒட்டித்தான். மழை நின்றிருந்தது. சுப்பையா கூரை மேல் ஏறிப் புதுத் தகரத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, ஆணி டின்னோடு லெட்சுமி. காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன்.

"அண்ணே, நான் கிளம்புறேன்."

சுத்தியல் நிற்கவில்லை. அவர் கேட்காததுபோல் அடித்துக்கொண்டே இருந்தார். நேற்று மழையில் என் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற மனிதர், ஒரு முறைகூடத் திரும்பவில்லை. அவர் கோபம் நியாயமானது. கூடாரத்தை அவிழ்த்ததற்காக இல்லாவிட்டாலும், அதற்கு முந்தைய நாளுக்காக.

லெட்சுமி டின்னிலிருந்து ஓர் ஆணியை எடுத்து மேலே நீட்டினாள். என்னைப் பார்க்காமல், எனக்கும் கேட்கிற சத்தத்தில் அவரிடம் சொன்னாள்:

"இது நம்ம கூரைதானே, அவசரப்படாம நல்லா அடிங்க."

காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன். வளைவு திரும்பும் வரை சுத்தியல் சத்தம் கேட்டது.